கேட்காமல் நீக்கியவள்

எனக்கு அவளைப் பிடிக்காமல் போனதற்கு முதல் காரணம் அவளுடைய கத்தரிக்காய். பருத்திப்பட்டுக்குக் குடிவந்து ஒரு வருஷம்கூட ஆகாதவள். அடுக்குமாடி வீட்டு பால்கனியில் எண்ணெய் டின்னைப் பாதியாக வெட்டி, மண் போட்டுக் கத்தரி வைத்தாள். மினுமினுவென்று ஊதா நிறத்தில் அது காய்த்துத் தொங்கியதைப் படம் எடுத்து எங்கள் மாடித்தோட்டக் குழுவில் போட்டாள். குழுவே அந்தக் காயின் காலில் விழுந்தது. அதே வாரம் நானும் ஒரு கத்தரிக்காய் படம் போட்டிருந்தேன். எனக்குப் பூச்சி மருந்து சொன்னார்கள்.

அந்தக் குழுவை ஆரம்பித்தவள் நான் என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இப்போது யாருக்கும் அது ஞாபகமில்லை. அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி என்று இந்தப் பக்கத்தில் மொட்டை மாடியில் செடி வளர்ப்பவர்களுக்கான போன் குழு அது. விதை வேண்டியவர்கள் கேட்பார்கள், இருப்பவர்கள் கொடுப்பார்கள். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் கணக்கு எழுதிவிட்டு, பஸ்ஸில் நின்றுகொண்டே வரும் வழியில், ஒருவர் விடாமல் பதில் போட்டு வளர்த்த குழு. ஆள் சேரச் சேரச் சண்டையும் சேர்ந்தது. மாட்டுச் சாணம் நல்லதா, ஆட்டுப் புழுக்கை நல்லதா என்று ஆரம்பித்து, அவரவர் குடும்பம்வரை போய்விட்டார்கள். அதன்பிறகுதான் உட்கார்ந்து விதிகள் எழுதினேன். யாரையும் மரியாதை இல்லாமல் பேசக்கூடாது. தப்பாகப் பேசியவரிடம் அட்மின் முதலில் தனியாகப் பேச வேண்டும். இரண்டு பக்கமும் கேட்க வேண்டும். அதற்குப் பிறகுதான் பதிவை நீக்க வேண்டும். ஆளுக்கு ஆபத்து வரும் பேச்சு என்றால் மட்டும் உடனே நீக்கலாம்.

கடைசி வரியை ஒரு பேச்சுக்குத்தான் எழுதினேன். சுரைக்காய் வளர்ப்பவர்களிடம் என்ன ஆபத்து வரப்போகிறது? எனக்குப் பெருமை எல்லாம் இரண்டு பக்கமும் கேட்கும் அந்த வரியில்தான். எங்கள் சர்ச்சில் மாமியார் மருமகள் சண்டையானாலும், பாட்டுக் குவயரில் யார் முன்வரிசை என்ற சண்டையானாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். நான் யாரையும் உடனே தப்பு என்று சொன்னதில்லை. உட்கார வைத்து, காபி கொடுத்து, பொறுமையாகக் கேட்பேன். ஆத்திரக்காரி என்றுதான் என் வீட்டுக்காரர் சொல்வார். ஆனால் நியாயம் என்று வந்துவிட்டால் என் ஆத்திரத்தை ஓரமாக வைத்துவிடுவேன்.

குழு பெருத்ததும் இன்னொரு அட்மின் வேண்டும் என்று நானேதான் கேட்டேன். எல்லாரும் ஒரே குரலாக அவளைச் சொன்னார்கள். ஈரோட்டுப் பக்கம் அவளுக்கு. ஐ.டி. வேலை, பாதி நாள் வீட்டிலிருந்தே பார்ப்பாள். பேச்சுக்குப் பேச்சு 'ங்க' போடுவாள். தக்காளிச் செடியைப் பற்றிச் சொல்லும்போதுகூட ஏதோ பெரியவரைப் பற்றிச் சொல்வதுபோல்தான் இருக்கும். நான் பல்லைக் கடித்துக்கொண்டு பூங்கொத்துப் படம் போட்டு வாழ்த்தினேன்.

பிறகு ஒவ்வொருவராக அந்தப் பக்கம் போனார்கள். மிளகாயில் இலை சுருண்டால் முன்பு என்னைக் கேட்டவர்கள் இப்போது அவளைக் கேட்டார்கள். நான் விவரமாக எழுதிய பதிலுக்குக் கீழே, அவள் 'ஆமாங்க, அக்கா சொல்றது சரிதானுங்க' என்று ஒரு வரி போடுவாள். நன்றி எல்லாம் அந்த ஒரு வரிக்குப் போகும். எனக்கு வயிறு எரியும். அதை நான் மறைத்ததும் இல்லை, மறைக்கத் தெரிந்ததும் இல்லை. என் வீட்டுக்காரர் பாடியில் ஒரு பட்டறையில் வேலை செய்கிறார். சாயங்காலம் வந்து செருப்பைக் கழற்றும்போதே கேட்பார்.

"இன்னா, இன்னிக்கி அந்தப் பொண்ணுக்கு எத்தினி பேரு ஹார்ட்டு போட்டாங்க?"

"உனக்கு இன்னாத்துக்கு அது?"

"மூஞ்சப் பாத்தா தெரியுது. மோரு குடி, வயிறு கொஞ்சம் அடங்கும்."

இப்படி இருக்கும்போதுதான் அவள் வசமாக மாட்டினாள்.

பூந்தமல்லியிலிருந்து ஓர் அம்மா தன் வீட்டு ரோஜாவைப் படம் போட்டிருந்தார். தொட்டி கொள்ளாமல் பூ. பாடி மேம்பாலத்துப் பக்கத்தில் லாரி உதிரிபாகக் கடை வைத்திருக்கும் ஒருவர் எங்கள் குழுவில் பழைய ஆள். கிண்டல் இல்லாமல் அவரால் ஒரு வரி எழுத முடியாது. அவர் அதற்குக் கீழே எழுதினார்: 'அக்கா, ரோஜா சூப்பரா கீது. ஊட்ட நல்லா பூட்டி வச்சுக்கோ. ஆள் இல்லாத நேரமா பாத்து வந்து தூக்கிடுவேன்.'

நாங்கள் நான்கு பேர் சிரித்து முடிப்பதற்குள் அந்தப் பதிவைக் காணோம். ஆளையும் காணோம். ஈரோட்டுக்காரி அவரைக் குழுவை விட்டே நீக்கியிருந்தாள்.

அவர் உடனே எனக்குப் போன் செய்தார். "இன்னா ஆன்ட்டி, என்னைப் புடிச்சு வெளிய தள்ளிட்டாங்க? ரோஜாவத்தான தூக்கறேன்னு சொன்னேன். அந்த அக்காவையா தூக்கறேன்னு சொன்னேன்? அவங்க வெயிட்டுக்கு நம்மளால ஆவுமா?"

எனக்கு உள்ளே தேன் ஊறியது. சிரிப்பை அடக்கிக்கொண்டு அவளை அழைத்தேன்.

"எதைத் தூக்கறதுன்னு அவர் சொல்லவே இல்லீங்கக்கா," என்றாள். "ஊட்டுல ஆள் இல்லாதப்ப வந்து தூக்கிடுவேன்னா, எங்கூர்ல ஆளைத் தூக்கறதுன்னுதானுங்க அர்த்தம். எனக்குக் கை காலே ஓடலீங்க."

"எங்க ஊர்ல அதுக்குச் செடி புடிச்சுப்போச்சுன்னு அர்த்தம். ஒரு வார்த்தை என்னைக் கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்ல?"

"கேட்டிருக்கணுங்கக்கா. ஆனா ஒண்ணு யோசிச்சனுங்க. நான் தப்பா எடுத்திருந்தா அவருகிட்ட மன்னிப்பு கேட்டுக்கலாம். நெசமாவே மிரட்டலா இருந்து, நான் விட்டிருந்தா, அந்தம்மாகிட்ட என்னன்னு போய் மன்னிப்பு கேக்கறது?"

நன்றாகப் பேசுகிறாள் என்று நினைத்தேன். அதுவும் எரிந்தது. விட்ட இடத்தைப் பிடிக்க வேண்டும் என்ற வேகத்தில் அன்றைக்கே புது விதி சேர்த்தேன். இனிமேல் எந்தப் பதிவை நீக்குவதாக இருந்தாலும் இரண்டு அட்மின்களும் பேசிக்கொண்ட பிறகுதான். ஆபத்து என்றாலும் சரி. 'சரிங்கக்கா' என்று பதில் வந்தது. ஒரு சின்ன முணுமுணுப்பாவது வரும் என்று எதிர்பார்த்தேன், அதுகூட இல்லை.

அவமானப்பட்டு ஒதுங்குவாள் என்றுதான் கணக்குப் போட்டேன். அவள் என்னடாவென்றால், அவரைத் திரும்பச் சேர்த்து, 'இந்த ஊர்ப் பேச்சு எனக்கு இன்னும் பிடிபடலீங்க, அண்ணன் மன்னிக்கணும்' என்று குழுவில் எல்லார் முன்னாலும் எழுதினாள். மறுநாள் பூந்தமல்லி அம்மாவிடம் போய் ஒரு ரோஜாக் கிளையை வெட்டி வாங்கி, அதை எடுத்துக்கொண்டு பாடிக்கே போய்விட்டாள். அந்தக் கடைக்காரர் கிரீஸ் கையோடு ரோஜாக் கிளையைப் பிடித்துக்கொண்டு பல்லைக் காட்டும் படம் வந்தது. 'தங்கச்சி தங்கம்' என்று கீழே எழுதியிருந்தார். நான் நல்லது செய்து வாங்காத பெயரை அவள் தப்பு செய்து வாங்கினாள். அன்றைக்கு என் வீட்டுக்காரர் மோரை டம்ளரில் ஊற்றியே கொண்டுவந்து கொடுத்தார்.

எல்லாரும் போனாலும் ஒருத்தி மட்டும் என் பக்கம் என்று ஓர் ஆறுதல் எனக்கு இருந்தது. என் வீட்டிலிருந்து மூன்று தெரு தள்ளி, மாடியில் ஒற்றை அறையில் வாடகைக்கு இருக்கும் பெண். முப்பது வயது இருக்கும். ஆவடியில் ஒரு துணிக்கடையில் வேலை. விழுப்புரம் பக்கம் சொந்த ஊர் என்றாள், அதற்குமேல் தன்னைப் பற்றி எதுவும் சொன்னதில்லை. கணவன் பற்றிக் கேட்டால் வெளியூர் வேலை என்பாள். அவளுக்கு முதல் வெண்டை விதை கொடுத்தது நான். விதையை ஊறவைக்கச் சொல்லிக்கொடுத்தது நான். கடை விடுமுறை நாளில் என் வீட்டுக்கு வந்து உட்கார்ந்து, நான் ஈரோட்டுக்காரியைப் பற்றிப் புலம்புவதை எல்லாம் பொறுமையாகக் கேட்பாள். அவள் என் ஆள் என்று நான் முடிவே கட்டிவிட்டேன். குழுவில் எல்லாரும் செடியோடு தங்களையும் சேர்த்துப் படம் எடுத்துப் போடுவார்கள். இவள் செடியை மட்டும் போடுவாள். கூச்ச சுபாவம் என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் அவள் வெண்டைக்காய் படம் ஒன்று போட்டாள். விரல் நீளத்துக்குப் பிஞ்சு, அதற்குப் பின்னால் கைப்பிடிச் சுவர், அதற்கும் பின்னால் கொஞ்சம் ஏரித் தண்ணீர். நான்தான் முதலில் பாராட்டினேன். சற்று நேரத்தில் புதிதாகச் சேர்ந்த ஒருவர் எழுதினார்:

'வணக்கம் சகோதரி. தங்கள் வெண்டை மிகவும் அருமை. பின்னால் தெரிவது ஏரி என்று நினைக்கிறேன். எந்தத் தெரு என்று தெரிவித்தால் நேரில் வந்து சிறிது விதை பெற்றுக்கொள்வேன். மாலை வேளையில் வீட்டில் இருப்பீர்களா? தொந்தரவுக்கு மன்னிக்கவும்.'

என்ன ஓர் அழகான தமிழ், என்ன மரியாதை என்று எனக்குச் சந்தோஷமாகிவிட்டது. இப்படிப் பத்துப் பேர் இருந்தால் விதியே தேவையில்லை. அந்தப் பெண் பதில் போடாமல் இருந்தாள். கூச்சம், பாவம், நாம் உதவி செய்வோம் என்று நானே தட்டச்சு செய்யத் தொடங்கினேன். பருத்திப்பட்டுதான் சார், ஏரிக்கரைப் பக்கம், என்று எழுதி, தெருப் பெயரையும் எழுதி, பச்சை கேட் வீடு என்பதை எழுதப் போகும்போது அவருடைய பதிவு மறைந்தது. நிர்வாகியால் நீக்கப்பட்டது என்று வந்தது. அடுத்த வரியில் ஆளும் நீக்கப்பட்டிருந்தார். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

எனக்கு வந்த கோபத்தில் போன் சுட்டது. அவள் எடுத்ததும் பிடித்துக்கொண்டேன்.

"இன்னாம்மா நெனச்சுக்கினு கீற நீ? ரெண்டு பேரும் பேசிட்டுத்தான் எடுக்கணும்னு பேசினோமா இல்லியா? அந்த மனுஷன் அதுல இன்னா தப்பா கேட்டாரு? பாடிக்காரர் பேச்சாவது உனக்குப் புரியல. இது சுத்தத் தமிழ்தான, இதுவும் புரியலையா?"

"அக்கா, நீங்க தெருப் பேரு எதும் போட்டுடலீங்களே?" என்றாள்.

"போட்டா இன்னா?"

"போட்டாச்சா?"

இதுவரை அவள் 'ங்க' இல்லாமல் பேசி நான் கேட்டதில்லை என்பதுகூட அப்போது உறைக்கவில்லை. "நீதான் அதுக்குள்ள அந்த ஆளையே தூக்கிட்டியே," என்றேன். அந்தப் பக்கம் அவள் மூச்சு விடுவது கேட்டது.

"காரணத்தச் சொல்லு."

"சொல்ல முடியாதுங்கக்கா."

"அப்ப நான் அவரைத் திரும்ப சேத்துடறேன். சேத்துட்டு, இன்னா ஏதுன்னு அவர்கிட்டயே கேக்கறேன். அதான் மொறை."

"வேண்டாங்கக்கா. மொறை தப்புனது நானு. என்னை வேணா அட்மின்ல இருந்து எடுத்துடுங்க, குழுவ விட்டே எடுத்தாலும் சரிங்க. அவர மட்டும் சேக்காதீங்க. சாயங்காலம்வரைக்கும் பொறுத்துக்கங்க, கையெடுத்துக் கும்புடறேன்."

போனை வைத்தேன். மகராசி தானாகவே போகிறேன் என்கிறாள், இதற்காகத்தானே இத்தனை நாள் ஏங்கினேன் என்று மனசு ஒரு பக்கம் துள்ளியது. ஆனால் அவளுக்குத் தெரிந்த ஏதோ ஒன்று எனக்குத் தெரியவில்லை என்பது முள்ளாகக் குத்திக்கொண்டிருந்தது. என் குழுவில், என் தெருப் பக்கத்தில், எனக்குத் தெரியாமல் ஒரு விஷயம். கோபம் பாதி, குறுகுறுப்பு பாதியாக உட்கார்ந்திருந்தேன். அந்த ஆளைச் சேர்க்கவில்லை. நியாயம் பார்த்து இல்லை, அவள் கும்பிடுகிறேன் என்று சொன்ன விதம் என்னைக் கொஞ்சம் பயமுறுத்திவிட்டது.

சாயங்காலம் வெண்டைக்காய்ப் பெண் வந்தாள். கடைக்குப் போட்டுப்போகும் அதே சுடிதார், ஆனால் துப்பட்டாவைத் தலையைச் சுற்றிப் போட்டிருந்தாள். உள்ளே வந்ததும் கதவை அவளே சாத்தினாள்.

"அந்த ஈரோட்டு அக்கா உங்ககிட்ட எதுவும் சொல்ல மாட்டேன்னுட்டாங்க. சொல்றதா இருந்தா நீதான் சொல்லணும், இஷ்டம் இல்லன்னா வேணாம், ஆனா ஆன்ட்டி அந்த ஆளைத் திரும்பச் சேத்துடுவாங்களோன்னு பயமா இருக்குன்னாங்க. அதான் வந்தேன் ஆன்ட்டி," என்றாள்.

பிறகு சொன்னாள். கணவன் வெளியூரில் வேலை செய்யவில்லை. இவள்தான் அவனிடமிருந்து வெளியூருக்கு வந்திருக்கிறாள். முன்பு ஒரு தடவை தப்பித்துப் போய்த் தங்கிய இடத்துக்கு அவன் வந்துவிட்டான். சுடிதார்க் கையைத் தூக்கி முழங்கைக்கு மேலே காட்டினாள். சுட்ட தழும்பு. அழகான தமிழில் எழுதிய அந்தப் போன் எண் அவனுடைய அண்ணனுடையது. யார் மூலமோ குழுவில் நுழைந்திருக்கிறார்கள். செடி என்றால் இவளுக்கு உயிர் என்று அவர்களுக்குத் தெரியும்.

நான் மேசைமேல் கிடந்த என் போனைப் பார்த்தேன். நான் எழுதிய பதில் அனுப்பப்படாமல் அப்படியே இருந்தது. தெருப் பெயரோடு. போனை எடுத்துக் கவிழ்த்து வைத்தேன்.

"அந்த நம்பர் யாருதுன்னு அவளுக்கு எப்பிடித் தெரியும்?"

"தெரியாது ஆன்ட்டி. அவங்க அந்த நம்பரை அனுப்பிக் காட்டினதுக்கு அப்புறம்தான் நானே பாத்துச் சொன்னேன். நீக்கும்போது அவங்களுக்கு யாருன்னே தெரியாது."

"பின்ன எப்பிடி?"

"கத்தரி நாத்து வாங்கப் போனப்ப அவங்ககிட்ட ஒண்ணு சொல்லி வச்சிருந்தேன். யாராச்சும் என் எடத்தக் கேட்டா உடனே எடுத்துடுங்கக்கான்னு. அவ்வளவுதானுங்களான்னாங்க. அவ்வளவுதான்னேன். ஏன், யாரு, என்ன ஆச்சுன்னு எதுவுமே கேக்கல."

அவளிடம் போய் நாற்று வாங்கினாளா என்று ஒரு நொடி நினைத்தேன். அந்த நிலைமையிலும் நினைத்தேன். பிறகு அதைவிடப் பெரியது வந்தது. விதை கொடுத்தவள் நான். மூன்று தெரு தள்ளி இருப்பவள் நான். இவள் இங்கே இந்த நாற்காலியில் எத்தனை முறை உட்கார்ந்திருக்கிறாள். தன் பயத்தை மட்டும் அங்கே கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறாள். அந்தக் கத்தரிக்காய்க்குக் கிடைத்த பாராட்டு எல்லாம் சேர்த்தாலும் இந்த அளவுக்கு எனக்கு எரிந்ததில்லை.

"ஏம்மா, எங்கிட்ட ஏன் சொல்லல?" என்று கேட்டே விட்டேன். "நான் இன்னா அவ்ளோ மோசமா?"

அவள் பதறிப்போய் என் கையைப் பிடித்தாள்.

"ஐயோ, நீங்க நல்லவங்க ஆன்ட்டி. அதனாலதான் சொல்லல. என்னைக்காச்சும் என் வீட்டுக்காரரு உங்க வாசல்ல வந்து நின்னா நீங்க வெரட்ட மாட்டீங்க. உள்ள கூப்புட்டு உக்கார வச்சு, அவரு பக்கத்தையும் கேப்பீங்க. அவரு ரொம்ப நல்லாப் பேசுவாரு ஆன்ட்டி. எங்கம்மாவே அவரு பேச்சக் கேட்டுட்டுத்தான் என்னை ஒவ்வொரு தடவையும் திரும்ப அனுப்பி வச்சாங்க."

இல்லை, நான் அப்படிச் செய்ய மாட்டேன் என்று சொல்ல வாயெடுத்தேன். மத்தியானம் அதைத்தானே செய்யப்போனேன், அவரைச் சேர்த்து அவரிடமே கேட்கிறேன் என்று.

இருட்டுவதற்கு முன் கிளம்ப வேண்டும் என்றாள். தனியாக அனுப்ப மனசில்லாமல் நானும் செருப்பை மாட்டிக்கொண்டு அவளுடன் நடந்தேன். வழியெல்லாம் என் நாக்கு துறுதுறுத்தது. அவன் என்ன வேலை செய்கிறான், முதலில் எப்போது கை நீட்டினான், அம்மாவுக்குத் தழும்பைக் காட்டினாளா, போலீசுக்குப் போனாளா, இனி என்ன செய்யப்போகிறாள். எல்லாம் தொண்டைவரை வந்தது. அந்த ஈரோட்டுக்காரியால் எப்படித்தான் எதையும் கேட்காமல் இருக்க முடிந்தது என்று அவள்மேல் பொறாமையாக இருந்தது. இன்றைக்கும் இருக்கிறது. வெண்டைக்காய்ப் பெண்ணின் வீட்டு மாடிப்படிவரை போய், அவள் ஏறி உள்ளே தாழ் போடும் சத்தம் கேட்கும்வரை நின்றேன். ஒன்றும் கேட்காமல் திரும்பி வந்தேன்.